பீப்பாய்ப் பொருக்கின் பயணம்

ஒயின் பீப்பாயைக் காலி செய்ததும் அதன் உட்சுவரில் கெட்டியான ஒரு பொருக்கு ஒட்டியிருப்பது தெரியும். திராட்சைச் சாறு நொதித்து ஆல்கஹால் ஏற ஏற, அதில் கரைந்திருந்த ஒரு பொட்டாசியம் உப்பால் மேலும் கரைந்திருக்க முடிவதில்லை. மரச்சுவரில் போய்ப் படிந்துவிடுகிறது. ஐரோப்பாவில் அதைச் சுரண்டி எடுத்துச் சாயப்பட்டறைக்கும் மருந்துக்கடைக்கும் விற்றார்கள். 1769-இல் ஸ்வீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் ஷீலே அந்தப் பொருக்கிலிருந்து ஓர் அமிலத்தைத் தூய்மையாகப் பிரித்தார். அதுதான் டார்டாரிக் அமிலம். நமக்கு அது அந்நியச் சரக்கல்ல. எலுமிச்சைக்குச் சிட்ரிக் அமிலம் போல, புளியின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் இதே டார்டாரிக் அமிலம்தான். ரசத்தில் நாம் தினமும் குடிப்பது.

வேதியியலில் ஒரு பொருளின் வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொன்னால் நான் தங்கத்தையோ யுரேனியத்தையோ எடுக்கமாட்டேன், இதைத்தான் எடுப்பேன். மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை உண்டு என்று முதலில் காட்டிக்கொடுத்தது இது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அந்தக் கையை ஓர் உலோக ஆக்சைடுக்கு மின்சாரத்தின் வழியாகக் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

தொந்தரவு தொடங்கியது பிரான்சின் அல்சேஸ் பகுதியில் இருக்கும் டான் என்ற ஊரில். 1820 வாக்கில் அங்கே கெஸ்ட்னர் என்பவரின் தொழிற்சாலையில் டார்டாரிக் அமிலம் தயாரிக்கும்போது கூடவே இன்னோர் அமிலமும் சேர்ந்து வந்தது. பகுத்துப் பார்த்தால் இரண்டிலும் அதே கார்பன், அதே ஹைட்ரஜன், அதே ஆக்சிஜன், அதே விகிதம். ஆனால் டார்டாரிக் அமிலக் கரைசலின் வழியே தளமுனைவுற்ற ஒளியைச் செலுத்தினால் ஒளியின் தளம் வலப்பக்கம் திரும்பும். டான் ஊர் அமிலத்தில் அது அசையவே அசையாது. கரைசல்கள் இப்படி ஒளியைத் திருப்பும் என்பதை 1815-இலேயே கண்டவர் ழான் பாப்டிஸ்ட் பியோ. 1844-இல் பெர்லின் வேதியியலர் மிட்ஷெர்லிஷ் இரண்டு அமிலங்களின் சோடியம் அம்மோனியம் உப்புகளையும் ஒப்பிட்டு, படிக வடிவம் உட்பட எல்லாம் ஒன்று, ஒளியிடம் நடந்துகொள்வது மட்டும் வேறு என்று அறிவித்துவிட்டார்.

இதை நம்ப மறுத்தவர் பாரிஸ் எக்கோல் நார்மாலில் வேலை பார்த்த 25 வயது இளைஞர் லூயி பாஸ்டர். 1848-இல் அவர் அந்தப் படிகங்களை மறுபடி வளர்த்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். டார்டாரிக் அமிலத்தின் உப்பில் ஒவ்வொரு படிகத்திலும் ஒரு சின்ன முகம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. டான் ஊர் அமிலத்தின் உப்பில் சில படிகங்களில் வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். மிட்ஷெர்லிஷின் கண்ணுக்குத் தப்பியது அந்தச் சின்ன முகம்தான். பாஸ்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக வைத்தார். ஒரு குவியலைக் கரைத்தபோது ஒளி வலப்பக்கம் திரும்பியது, மற்றதைக் கரைத்தபோது அதே அளவு இடப்பக்கம் திரும்பியது. இரண்டையும் சமமாகக் கலந்தால் எதுவும் இல்லை.

செய்தி கேட்ட பியோவுக்கு அப்போது 74 வயது. எளிதில் நம்புகிற ஆள் அல்ல அவர். தன் அமிலத்தைக் கொடுத்து, தன் கண்முன்னால் பாஸ்டரைக் கரைசல் தயாரிக்கச் சொல்லி, அளவுக்கருவியில் தானே கண் வைத்துப் பார்த்தார். அதன்பிறகு அந்த இளைஞரை அவர் கைவிடவே இல்லை.

பாஸ்டரின் திறமையோடு பாரிஸின் குளிரும் சேர்ந்துகொண்டது. அந்த உப்பு ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே படிகமானால்தான் வலமும் இடமும் தனித்தனிப் படிகமாகப் பிரியும். அதற்கு மேலே போனால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்துகொள்ளும். பொறுக்குவதற்கு எதுவும் இருக்காது. சென்னையில் மே மாதம் யாராவது இதைச் செய்திருந்தால் மிட்ஷெர்லிஷ் சொன்னதே சரி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

பாஸ்டர் கண்டது என்ன? வாசலில் கழற்றிவிட்ட ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றது தெரியும். எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றதாகாது. எடையில், தோலில், தையலில் வேறுபாடே கிடையாது. கால் நுழைக்கும்போதுதான் தெரியும். மூலக்கூறுகளும் அப்படித்தான். உயிர்களின் உடம்பில் இருக்கும் புரதங்கள் ஒரே கைப்பட்டவை என்பதால், உடம்புக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். கார்வோன் என்ற பொருளின் ஒரு கை புதினா வகையான ஸ்பியர்மின்ட்டின் மணம். மறுகை கேரவே விதையின் மணம். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் டோபாவில் இடக்கை வடிவம் மட்டுமே மருந்து. இரண்டு கையும் சரிபாதி கலந்த கலவையைத்தான் வேதியியலர் சுழிமாய்க் கலவை என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் சாதாரணமாக எதைச் செய்தாலும் கிடைப்பது இந்தக் கலவைதான்.

டான் ஊரில் அந்த அமிலம் எப்படி வந்தது என்று கெஸ்ட்னருக்கே தெரியாது. அதைத் தேடி பாஸ்டர் 1852-இல் லைப்சிக், வியன்னா, பிராக் என்று தொழிற்சாலை தொழிற்சாலையாக அலைந்தார். மறு ஆண்டே சாதாரண டார்டாரிக் அமிலத்தை சின்கோனின் என்ற மரப்பட்டைக் காரத்தோடு சூடாக்கி அதைத் தானே தயாரித்துவிட்டார். 1,500 பிராங்க் பரிசும் கிடைத்தது. பின்னர் ஒரு பூஞ்சை சுழிமாய்க் கலவையில் வலஞ்சுழி அமிலத்தை மட்டும் தின்றுவிட்டு மற்றதை விட்டுவைப்பதையும் பார்த்தார். கைத்தன்மையை உண்டாக்குவது உயிர் மட்டுமே என்ற எண்ணம் அவருக்குள் வலுத்தது. அப்படியென்றால் உயிருக்கு அதைக் கொடுத்தது யார்? பிரபஞ்சத்தில் ஏதோ ஒரு சாய்வான விசை இருக்கவேண்டும் என்று எண்ணி, பெரிய காந்தங்களைச் செய்வித்து அவற்றின் நடுவே படிகம் வளர்த்துப் பார்த்தார். சூரியன் எதிர்த்திசையில் நகர்வதுபோலக் கண்ணாடி வைத்துச் செடி வளர்க்கவும் கருவி அமைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. காந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது கதையின் இன்னொரு தகப்பன். பாஸ்டர் இடுக்கியும் கையுமாக இருந்த அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹெர்மன் கோல்பே அமில உப்புகளின் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தார். 1849-இல் வெளியான அவருடைய கட்டுரைதான் கரிம வேதியியலுக்குள் மின்சாரம் நுழைந்த வாசல். நேர்மின்வாயில் அமிலம் ஓர் எலெக்ட்ரானை இழக்கிறது, கார்பன் டைஆக்சைடு குமிழியாகப் போகிறது, மிச்சமிருக்கும் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. கோல்பே மின்பகுப்பு என்று இன்றும் கல்லூரிப் பாடத்தில் வருவது இதுதான்.

இதே கோல்பேதான் கைத்தன்மையின் முதல் எதிரியும். 1874-இல் டச்சுக்காரர் வான்ட் ஹாஃபும் பிரெஞ்சுக்காரர் லெ பெல்லும் தனித்தனியே ஒரே விளக்கத்துக்கு வந்துசேர்ந்தார்கள்: கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன. நான்கிலும் வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் இரண்டு விதமாக அடுக்கலாம்; அவையே இரண்டு கைகள். வான்ட் ஹாஃபுக்கு அப்போது 22 வயது; சீக்கிரமே உட்ரெக்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். 1877-இல் கோல்பே தான் ஆசிரியராக இருந்த இதழிலேயே, கால்நடைப் பள்ளியில் குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு வானத்தில் பறக்கிற ஆள் என்று அவரைக் கிண்டலடித்தார். கண்ணால் காணாத அணுக்கள் வெளியில் எப்படி நிற்கின்றன என்று சொல்வது அவருக்குக் கற்பனைக் கதையாகப் பட்டது. 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அந்தக் கால்நடைப் பள்ளிக்காரருக்குத்தான் போனது. 1951-இல் மூலக்கூறின் உண்மையான கை எது என்று முதன்முதலாக எக்ஸ் கதிரால் கண்டுபிடித்தவர்கள் பைவூட்டும் அவருடைய தோழர்களும். இடம், உட்ரெக்டில் வான்ட் ஹாஃபின் பெயர் தாங்கிய ஆய்வகம். பொருள், சோடியம் ருபிடியம் டார்டரேட். பீப்பாய்ப் பொருக்கு அங்கேயும் வந்துவிட்டது.

கோல்பேயின் வெறுப்பில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்த வினையே கைத்தன்மையைக் கொன்றுவிடும். கார்பன் டைஆக்சைடு பிரிந்து போனதும் மிஞ்சும் துண்டு தட்டையாகிவிடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் அடுத்த துண்டு வந்து ஒட்டலாம் என்பதால், அந்தக் கார்பனில் முன்பு கை இருந்திருந்தாலும் கலைந்துபோகும்.

கரிம மின்வேதியியலின் பெரிய சங்கடமும் இதே இடத்தில்தான். மின்சாரம் ஒரு வேதியியலர் ஆசைப்படக்கூடிய நல்ல வினைபொருள். எலெக்ட்ரான் வேலையை முடித்ததும் கசடு மிஞ்சாது. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை ஆளலாம். ஆனால் உலோகத் தகடு இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும் சமதளம். அதில் வந்து படியும் தட்டையான மூலக்கூறு மேல்முகத்தைக் காட்டினாலும் கீழ்முகத்தைக் காட்டினாலும் எலெக்ட்ரான் ஒரே மாதிரி ஏறும். பலன், எப்போதும் சரிபாதி. எங்காவது ஒரு கை முன்கூட்டியே இருந்தால்தான் இன்னொரு கை பிறக்கும்.

முதலில் கரைசலில் கைப்பட்ட பொருளைக் கலந்து பார்த்தார்கள். 1967-இல் பெல்பாஸ்டில் கிரிம்ஷாவின் குழு பாதரச மின்வாயில் தாவர ஆல்கலாய்டுகளைப் படியவைத்துக் கூமரின்களை ஒடுக்கியது. ஒரு கை சற்றே கூடுதலாகக் கிடைத்தது. 1975-இல் அமெரிக்காவில் மில்லரின் குழு கார்பன் மின்முனையின் மேற்பரப்பிலேயே ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தின் எஸ்டரைப் பிணைத்து, கைப்பட்ட மின்முனை என்றே அதற்குப் பெயர் வைத்தது. இரண்டும் இரவல் கைகள். மூலக்கூறு உதிர்ந்தால் கையும் போய்விடும். மின்சாரம் இல்லாத வினைகளின் பக்கம், ஜப்பானில் இசுமி நிக்கல் தூளை டார்டாரிக் அமிலத்தில் ஊறவைத்து ஒருகை ஹைட்ரஜனேற்றம் செய்துகாட்டினார். 1980-இல் ஷார்ப்லெஸ் டைட்டானியத்தோடு டார்டாரிக் அமிலத்தின் எஸ்டரைச் சேர்த்து எபாக்சைடுகளை ஒருகைப்படுத்தி, 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நம் கதாநாயகன் எல்லா இடத்திலும் ஆஜர். மின்முனையில் மட்டும் இன்னும் இல்லை.

அவன் அங்கே வந்துசேர்ந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு எழுதியவர்களுக்குப் பெலிங் கரைசல் மறந்திருக்காது. ஒரு குப்பியில் மயில்துத்தம், மறுகுப்பியில் காரத்தோடு ரோச்செல் உப்பு. இரண்டையும் கலந்தால் ஆழ்ந்த நீலம், ஆல்டிஹைடைச் சேர்த்துச் சூடாக்கினால் செங்கல் சிவப்பு. அந்த ரோச்செல் உப்பு டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் சோடியம் உப்பு. காரத்தில் தாமிரம் வீழ்படிவாகிவிடாமல் டார்டரேட் அதைப் பற்றிக்கொண்டிருப்பதால்தான் நீலம் தெளிவாக நிற்கிறது. மிசௌரி மாநிலம் ரோலாவில் ஜே ஸ்விட்சரும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய இதையேதான்: காரத்தில் கரைந்த தாமிர டார்டரேட். ஆல்டிஹைடுக்குப் பதில் அதில் ஒரு தங்கத் தகட்டை இறக்கி நேர்மின்வாயாக இணைத்தார்கள்.

மின்வாயில் டார்டரேட் ஆக்சிஜனேற்றமடைந்து சிதைகிறது. பிடி தளர்ந்த தாமிரம் அங்கேயே கருப்புத் தாமிர ஆக்சைடாகப் படிகிறது. தங்கம் ஒற்றைப் படிகம். நேர்த்தியான சதுர அடுக்குள்ள, கையே இல்லாத முகம். தாமிர ஆக்சைடின் படிக அமைப்புக்கும் சொந்தக் கை கிடையாது. இருந்தும் திராட்சையின் வலஞ்சுழி டார்டரேட்டில் வளர்ந்த படலம் ஒரு திசையில் சாய்ந்து வளர்ந்தது. அதன் ஆடி பிம்பமான டார்டரேட்டில் வளர்ந்த படலம் அதற்கு நேர்மாறாகச் சாய்ந்தது. சாய்ந்து நிற்கும் படிகத்தின் மேற்பரப்பில் அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்துக்குக் கை வந்துவிட்டது. உள்ளே கை இல்லாத பொருளுக்கு மேற்பரப்பில் கை.

அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் விஷயத்தை முடித்துவைத்தது. தாமிரம் இல்லாத புதிய டார்டரேட் கரைசலில் அந்தப் படலத்தையே மின்முனையாக வைத்தார்கள். வலஞ்சுழியில் வளர்ந்த படலம் வலஞ்சுழி டார்டரேட்டையும், மற்றது அதன் எதிர்ப்பிம்பத்தையும் கூடுதலாக ஆக்சிஜனேற்றம் செய்தது. தன்னை வளர்த்த கரைசல் இல்லாத இடத்திலும் படலத்துக்குத் தன் கை நினைவிருந்தது. 2003-இல் நேச்சர் இதழில் வந்த இந்தக் கட்டுரைக்கு விலை உயர்ந்த கருவிகளும் சிக்கலான மூலக்கூறுகளும் தேவைப்பட்டிருக்கலாமே என்று தோன்றும். தங்கத் தகட்டையும் எக்ஸ் கதிர்க் கருவியையும் விட்டுவிட்டால், ஒரு நல்ல பள்ளிக்கூட ஆய்வகத்தின் அலமாரியில் இருப்பவைதான் மீதி எல்லாம்.

ஆனால் அந்தப் படலம் தேர்ந்தெடுத்ததே தவிர உருவாக்கவில்லை. ஏற்கெனவே கை உள்ள மூலக்கூறை அடையாளம் கண்டு எரித்தது, அவ்வளவே. கையில்லாத தட்டை மூலக்கூறைக் கொடுத்து ஒருகைப் பொருளை வாங்குவது அடுத்த படி. அதற்கு பிரான்சின் போர்தோ நகருக்குப் போகவேண்டும். ஒயினுக்குப் பேர்போன ஊர், பொருக்குக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் அங்கே அலெக்சாண்டர் கூன் குழு எடுத்துக்கொண்டது டார்டாரிக் அமிலத்தை அல்ல, கசப்புப் பாதாமிலிருந்து முதலில் கிடைத்த மான்டெலிக் அமிலத்தை. தாய்லாந்து ஆய்வாளர்கள், குறிப்பாக சுலாரத் வத்தனகித், இதில் உடனிருந்தார்கள்.

சோப்பு வகை மூலக்கூறுகளைத் தண்ணீரில் அடர்த்தியாகக் கலந்தால் அவை வரிசையாக அடுக்கிக்கொண்டு திரவப் படிகமாகும். அந்த இடுக்குகளில் பிளாட்டினம் உப்பும் ஒரு கையுடைய மான்டெலிக் அமிலமும் இருக்கும்படி செய்து மின்சாரத்தால் பிளாட்டினத்தைப் படியவைத்தால், உலோகம் அந்த அமிலத்தைச் சுற்றியே வளர்கிறது. பிறகு சோப்பையும் அமிலத்தையும் கழுவி எடுத்துவிட்டால் நுண்துளைகள் நிறைந்த வெறும் பிளாட்டினம் மிஞ்சும். அதன் துளைச்சுவர்களில் கழுவிப்போன மூலக்கூறின் அச்சு அப்படியே இருக்கும். இடக்கை அமிலத்தைக் கொண்டு செய்தால் இடக்கை அச்சு, வலக்கையைக் கொண்டு செய்தால் வலக்கை அச்சு.

2016-இல் இந்த உலோகத்தை எதிர்மின்வாயாக வைத்து, கையில்லாத ஃபினைல் கிளையாக்சிலிக் அமிலத்துக்கு எலெக்ட்ரான் கொடுத்தார்கள். விளைபொருள் மான்டெலிக் அமிலம், அதுவும் அச்சுக்கு ஏற்ற கை மிகுதியாக. ஆனால் மறுகையும் கணிசமாகவே கலந்திருந்தது. தொடர்ந்து மின்சாரம் கொடுக்கும்போது மூலக்கூறு அச்சில் சரியாக உட்காருவதற்குள் எங்கே தொட்டதோ அங்கேயே வினை நடந்துவிடுகிறது. மறு ஆண்டு மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாகக் கொடுத்தார்கள். நடுவில் கிடைத்த ஓய்வில் தவறாக ஒட்டியது விலகி, சரியானது அமரத் தருணம் கிடைத்தது. ஒரு கையின் மிகுதி 90 விழுக்காட்டைத் தாண்டியது. உலோகத்தில் ஒரு மாற்றமும் செய்யாமல் மின்சாரத்தின் தாளத்தை மட்டும் மாற்றியே இந்த எண் கிடைத்தது என்பதால், மின்வேதியியலர்களுக்கு இது பெருமைக்குரிய இடம்.

கூன் குழுவுக்குச் சமச்சீரைக் குலைப்பதில் இன்னொரு வழியும் கைவந்தது. கடத்தும் துகள் ஒன்றைக் கம்பி எதிலும் இணைக்காமல், வலுவான மின்புலம் உள்ள கரைசலில் விட்டால் போதும். அதன் ஒரு முனை நேர்மின்வாயாகவும் மறுமுனை எதிர்மின்வாயாகவும் தானே நடந்துகொள்ளும். இப்படிக் கார்பன் நுண்குழாய்களின் ஒரு முனையில் மட்டும் தங்கத்தைப் படியவைத்தார்கள். துகள் சிறியதாக ஆக, மின்புலம் மிகக் கடுமையாக வேண்டும் என்பதுதான் இதன் சிரமம். இங்கே வருவது கைத்தன்மை அல்ல, ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் வேறொன்றுமான இருமுகம்.

பாஸ்டரின் காந்தத்துக்கு வருவோம். ஜப்பானின் சென்டாயில் இவாவோ மோகியும் உடன் வேலை செய்தவர்களும் வலுவான காந்தப்புலத்தின் நடுவே தாமிரத்தை மின்முறையில் படியவைத்தார்கள். காந்தமும் மின்னோட்டமும் சேர்ந்து கரைசலில் நுண்ணிய சுழல்களை எழுப்ப, படிந்த தாமிரப் படலம் அமினோ அமிலங்களின் இடக்கையையும் வலக்கையையும் வேறுபடுத்தியது. காந்தத்தின் திசையை மாற்றினால் கையும் மாறும். கரைசலில் கைப்பட்ட மூலக்கூறு ஒன்றுகூட இல்லாமல் நடந்த காரியம் இது. பாஸ்டர் தேடிய சாய்வு காந்தத்தில் இருந்தது, ஆனால் தனியாக அல்ல. அதோடு மின்னோட்டமும் வேண்டியிருந்தது. அவர் காலத்து மின்வேதியியலர் கோல்பேயோடு கொஞ்சம் பேசியிருக்கலாமோ என்று எனக்கு ஒரு குறும்பு நினைப்பு வருவதுண்டு.

இத்தனைக்கும் பிறகு தொழிற்சாலையில் நிலைமை என்ன? அலர்ஜிக்கு நம்மூர் மருந்துக்கடைகளில் தினமும் விற்கும் லெவோசெட்ரிசின், செட்ரிசினின் இரண்டு கைகளில் ஒன்று மட்டும். அதைத் தயாரிக்கும் வழிகளில் ஒன்று, தொடக்கப் பொருளான அமீனின் சுழிமாய்க் கலவையோடு டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்துப் படிகமாக்கி ஒரு கையை மட்டும் பிரித்தெடுப்பது. கைப்பட்ட ஒன்றோடு உப்பாக்கி இரண்டு கைகளைப் பிரிக்கும் அந்தப் பாதையையும் 1853-இல் காட்டியவர் பாஸ்டர்தான். அச்சுப் பதித்த பிளாட்டினமும் சாய்ந்து வளர்ந்த தாமிர ஆக்சைடும் இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அச்சு வேண்டும், பிளாட்டினத்துக்குக் காசு வேண்டும், துளைகளுக்குள் நடப்பது மில்லிகிராம் கணக்கு. ஒயின் ஆலைகளின் கழிவிலிருந்து டன் கணக்கில் வரும் மலிவான டார்டாரிக் அமிலத்தோடு இன்றைக்கு அவற்றால் விலையில் போட்டியிட முடியாது.